குளக்கட்டும் துவிச்சக்கர வண்டியும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையில் சமயத்தைப் பற்றிப் பேசுவார்கள். மொழியைப் பற்றிப் பேசுவார்கள். கல்வியைப் பற்றிப் பேசுவார்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பார்வைக்கு மிகச் சிறியது. மோட்டார் வண்டி ஓடாத கிறவல் வழிகளிலே, குளக்கட்டின் மேலும் வாய்க்காலின் ஓரத்திலும், துவிச்சக்கர வண்டி ஓட்டுவதைப் பற்றியே பேச எண்ணியுள்ளோம். "இதுவும் ஒரு பொருளா?" என்று பின் வரிசையில் இருக்கும் பெரியவர்கள் புன்னகை செய்யக்கூடும். பேச்சு முடிவதற்குள், இச்சிறு பொருளினுள்ளே நம் பிள்ளைகளின் உயிரும் கட்டின் கீழ் வாழ்வோரின் உயிரும் அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

முதலில் நம் ஊரின் கிடையைச் சற்று நோக்குவோம். புல்மோட்டைக்குக் கிழக்கே கடல். வடக்கே கொக்கிளாய்க் களப்பு. மேற்கே காடும் குளமும் வயலும். வெளியூரார் இவ்வூரைக் கரிய மணலினாலேயே அறிவார்கள். 1957ஆம் ஆண்டில் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைந்தது; இக்கரையின் இல்மனைற்று உலகச் சந்தைக்குப் போகிறது. அதன் பெரும்பகுதி வெள்ளை வர்ணம் செய்வதற்குப் பயன்படுவது. அதே இல்மனைற்றிலிருந்து டைற்றேனியம் என்னும் உலோகத்தையும் எடுக்கிறார்கள். அவ்வுலோகத்தால் செல்வ நாடுகளிலே விலையுயர்ந்த சைக்கிள்களும் செய்கிறார்கள். ஆகவே நம் கரையின் மணல் எங்கோ ஒரு நாட்டில் சைக்கிளாய் உருண்டுகொண்டிருக்கவும் கூடும். ஆனால் இவ்வூர்ப் பிள்ளை தன் சைக்கிளை அச்சமின்றி ஓட்டுவதற்கு ஒரு வழி வேண்டுமே! அது எங்கே என்பதுதான் நம் கேள்வி.

இங்கிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 35 மைல். போர்க்காலத்தில் இவ்வீதி பட்ட பாட்டைப் பெரியோர் அறிவார்கள். போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின் வீதி செப்பனிடப்பட்டது. பாதை ஏறிக் கடந்த ஆறுகளின்மேல் பாலங்கள் எழுந்தன. நன்று, நோயாளியும் மாணவரும் வியாபாரியும் அதனால் நன்மை பெற்றனர். ஆனால் வீதி செம்மையாகச் செம்மையாக வண்டிகளின் வேகமும் ஏறியது. பஸ்ஸும் லொறியும் ஒன்றையொன்று முந்தும் வீதியின் ஓரத்திலே, வெள்ளைச் சீருடையோடு சைக்கிளில் போகும் மாணவிக்கு எஞ்சியிருப்பது ஒரு முழ அகலமுள்ள மண் விளிம்பு. அவள் வீடு வந்து சேரும் வரையில் தாயின் மனம் படலையிலேயே நிற்கிறது.

நிற்க. மேனாடுகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் வட எல்லையிலே நோதம்பர்லாந்துப் பகுதியில் கீல்டர் என்றொரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. 1982ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. அந்நீர்த்தேக்கத்தைச் சுற்றி 26 மைல் நீளத்துக்கு ஒரு வழி அமைத்திருக்கிறார்கள். நடப்போரும் சைக்கிளோட்டுவோரும் குதிரையில் செல்வோரும் அவ்வழியைப் பயன்படுத்துகின்றனர்; மோட்டார் வண்டிக்கு அதில் இடமில்லை. அதே நாட்டில் டேர்வென்ற் பள்ளத்தாக்கு என்னும் இடத்திலே மூன்று நீர்த்தேக்கங்கள் அடுக்கடுக்காய் உள்ளன. அங்கே மேல் நீர்த்தேக்கங்களின் ஓரமாகப் போகும் வீதியை வார இறுதி நாள்களிலும் பொது விடுமுறை நாள்களிலும் மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். அந்நாள்களில் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து, வாடகைச் சைக்கிள் எடுத்து, நீரோரமாய் ஓடி மகிழ்கின்றன.

இன்னொரு புதுமையும் கேளுங்கள். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்னும் சிற்றூரிலே 2006ஆம் ஆண்டு முதல் 200 மைல் சைக்கிளோட்டம் ஒன்று நடைபெற்று வருகிறது. தார் வீதியில் அன்று; பெரும்பாலும் கிறவல் வீதியில். கிறவல் வீதிக்கென்றே அகன்ற ரயர் பூட்டிய தனிச் சைக்கிள்களை இப்போது கம்பனிகள் செய்து விற்கின்றன. பணமுள்ள நாடுகளின் மக்கள் தார் வீதியை விட்டு விலகிக் கிறவலைத் தேடிப் போகிறார்கள். நமக்கோ அது தேடாமலே கிடைத்த பொருள். வயலுக்குப் போகும் வழி கிறவல். வாய்க்கால் ஓரம் கிறவல். குளக்கட்டின் முகடும் பல இடங்களில் கிறவல். வாசலிலே கிடப்பதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயின், "அவர்கள் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வழி அமைத்தார்கள், நாமும் நம் குளங்களைச் சுற்றி அமைப்போம்" என்று ஒருவர் எழுந்தால், அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஏனெனில், அவர்களுடைய நீர்த்தேக்கம் வேறு. நம்முடைய குளம் வேறு.

கீல்டர் நீர்த்தேக்கம் மலைப் பள்ளத்தாக்கை அடைத்துக் கட்டியது. அணை 52 மீற்றர் உயரம். நீளமோ ஒரு மைலுக்கும் குறைவு. அணை குறுகியது, நீர் ஆழமானது, கரை செங்குத்தானது. நம் குளம் சமநிலத்திலே நீரைத் தேக்குவது. கந்தளாய்க் குளத்தின் கட்டு ஏறத்தாழ 50 அடி உயரம். நீளம் 14,000 அடி, அதாவது இரண்டரை மைலுக்கு மேல். கட்டு நீண்டது, நீர் ஆழமற்றது, எதிர்க்கரை என்று ஒன்று நிலையாக இல்லை. மாரியில் நீர் காட்டுக்குள் ஏறும். கோடையில் அரை மைல், ஒரு மைல் என்று பின்வாங்கும். நீர் வற்றி விட்ட அலைகரையிலே புல் முளைக்கும். மாடும் மானும் மேயும். யானைக் கூட்டம் இறங்கும். மின்னேரியாக் குளத்திலே ஆடி ஆவணி மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவதைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள் அல்லவா? அந்த அலைகரை யானைக்கும் பறவைக்கும் உரிய இடம். அதன் ஊடாக வழி வெட்டுவோமாயின், யானையை ஊருக்குள் துரத்தும் வேலையை நாமே செய்தவராவோம்.

ஆதலின் நமக்கேற்ற வழி குளத்தைச் சுற்றிய வழியன்று. குளத்தின் கீழ்ப்புறத்து வழி. கட்டின் ஒரு முனையிலிருந்து முகடு வழியே மறு முனை வரை செல்க. அங்கே துருசடியில் இறங்குக. வாய்க்காலோரக் கிறவல் வழியே வயல் நடுவே வருக. ஊர்க் கோயிலையோ பள்ளியையோ தொட்டுக்கொண்டு மீண்டும் கட்டின் முதல் முனைக்கு ஏறுக. ஒரு பக்கம் நீரும் மறு பக்கம் வயலுமாய், ஏற்றம் இறக்கம் இல்லாமல், எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டனும் சேர்ந்து ஓட்டத்தக்க வழி அது. இதற்குப் புதிதாய் வெட்ட வேண்டிய நிலம் இல்லை. அழிக்க வேண்டிய காடு இல்லை. முன்னோர் கட்டைக் கட்டி, வாய்க்காலை வெட்டியபோதே வழியையும் சேர்த்து அமைத்துவிட்டார்கள்.

இது கற்பனையன்று. பொலன்னறுவைக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் அமைத்த பராக்கிரம சமுத்திரத்தின் கட்டு ஏறத்தாழ எட்டரை மைல் நீளம். வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினர் வாடகைச் சைக்கிளில் ஏறி, இடிந்த கோயில்களையும் விகாரைகளையும் பார்த்துவிட்டு, மாலையில் அக்கட்டின் ஓரமாய் ஓட்டிச் செல்கிறார்கள். நமக்கு அண்மையிலும் இத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. இங்கிருந்து மேற்கே உள்நாட்டுக்குப் போகும் வீதி பதவிசிறிபுரத்தைக் கடந்து பதவியாவை அடைகிறது. பழைய பெருங்குளமான பதவியாக் குளம் 1950களில் மீளத் திருத்தப்பட்டது. அவ்விடத்திலே சோழர் காலத்துச் சிவாலயத்தின் இடிபாடுகளும் தமிழ்க் கல்வெட்டுகளும் கிடைத்தன என்பதைச் சரித்திரம் படிக்கும் மாணவர் நினைவிற் கொள்க. தெற்கே திருகோணமலையிலிருந்து 24 மைலில் கந்தளாய். ஊருக்குள் சிறு குளங்களோ எத்தனையோ.

கந்தளாய் என்றவுடன் குளக்கோட்டன் பெயரைச் சொல்லாமல் அப்பாற்செல்ல இயலாது. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் இக்குளத்தைக் கட்டினான் என்று சரித்திர நூலோர் கூறுவர். திருகோணமலைத் தமிழர் வழக்கோ குளக்கோட்டனைக் கூறும். கோணேசர் கோயிலைத் திருத்தி, அதன் நித்திய கருமங்கள் குறைவின்றி நடப்பதற்காக இக்குளத்தை அமைத்து, தம்பலகாமத்து வயல்களுக்கு நீர் பாய்ச்சினான் என்பது அவ்வழக்கு. யார் கட்டினார் என்ற வாதத்தை ஆராய்ச்சியாளரிடம் விடுவோம். நாம் கருத வேண்டியது வேறொன்று. அவன் பெயரிலேயே குளமும் கோட்டமும் இணைந்து நிற்பதாக நம் முன்னோர் பொருள் கொண்டார்கள். கோயிலைக் காப்பதும் குளத்தைக் காப்பதும் அவர்களுக்கு ஒரே கடமையாக இருந்தன.

இளைஞர்களே, இனிச் சொல்லப்போவதைச் சற்று ஊன்றிக் கேளுங்கள்.

1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆம் நாள், விடியற்காலை மூன்று மணியளவில், ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், அந்தக் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. விளைநிலம் மணல்மேடாயிற்று. உடைவுக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. அவற்றுள் ஒன்று, கட்டின் மேலே மிகப் பாரமான வண்டிகள் ஓடியமை என்பது. கட்டு பின்னர் மீளக் கட்டப்பட்டது. இன்றும் நீர் தேக்குகிறது. ஆனால் அந்த இரவில் போனவர்கள் போனவர்களே.

மண்ணாலான கட்டு என்பது மதில் போன்ற பொருளன்று. அது மூச்சுவிடும் பொருள் என்றே சொல்லலாம். அதன் நீர்ப்பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். உள்ளே நீர் மெல்ல மெல்ல ஊறிக்கொண்டிருக்கும். வயற்பக்கம் காய்ந்திருக்க வேண்டும். முகடு ஒரு சீராய் மேடாயிருந்தால் மழைநீர் இரு பக்கமும் வழிந்தோடும். அதன்மேல் பாரவண்டி ஓடினால் சக்கரத்தடம் பள்ளமாகும். பள்ளத்தில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீர் ஓரிடத்தில் வழி கண்டு சரிவை அரித்துக்கொண்டு இறங்கும். இந்த மாரியில் ஒரு சாண் பள்ளம். அடுத்த மாரியில் ஒரு முழம். பின்பு ஆள் இறங்கும் வெட்டு.

பாரத்துக்கும் சேதத்துக்கும் உள்ள உறவை அமெரிக்காவில் இலினோய் மாநிலத்திலே 1958 முதல் 1960 வரை இரண்டாண்டு வண்டிகளை இடைவிடாது ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரு மடங்கானால் வீதிக்கு விளையும் சேதம் இரு மடங்கன்று, ஏறத்தாழப் பதினாறு மடங்கு என்று கண்டார்கள். பாரம் பத்து மடங்கானால் சேதம் பதினாயிரம் மடங்கு! அச்சோதனை நன்றாய்ப் போடப்பட்ட வீதிகளிலே நடந்தது. மழையில் ஊறிய மண்கட்டின் கதியை நீங்களே எண்ணிப் பாருங்கள். மணலோ கிறவலோ நிறைத்த லொறியின் ஒரு பின்னச்சு மட்டும் எட்டுப் பத்துத் தொன் தாங்கும். சைக்கிளும் அதன்மேல் இருப்பவரும் சேர்ந்து எண்பது, தொண்ணூறு கிலோ. நடந்து போகும் ஒரு பசுவின் பாரமும் அதைவிட அதிகம்.

ஆகவே நாம் சொல்ல வந்தது இதுதான்: குளக்கட்டு தாங்கக்கூடிய வண்டி துவிச்சக்கர வண்டியே. கட்டில் மோட்டார் வண்டியை நிறுத்துவது சைக்கிளோட்டிகளுக்குச் செய்யும் உபசாரம் அன்று. கட்டின் கீழ் உறங்குவோருக்குச் செய்யும் காவல். சைக்கிள் வழி அந்தக் காவலோடு வந்து சேரும் நன்மை.

"மோட்டார் வண்டியை மறித்தால் போதுமே, சைக்கிள் எதற்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கட்டுக்குப் பாரம் ஆகாது; ஆனால் கட்டுக்கு ஆள் வேண்டும். நம் குளக்கட்டுகளிலே பிள்ளையாரையும் ஐயனாரையும் ஏன் இருத்தினார்கள்? தெய்வம் குளத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை ஒன்று. அதனோடு இன்னொன்றும் நடந்தது. விளக்கேற்றப் போகிறவர் கண்ணில் நாள்தோறும் கட்டும் பட்டது. பொங்கலுக்கு ஊர் திரளும்போது ஊரார் கண்ணிலெல்லாம் துருசும் வானும் பட்டன. இன்று விளக்கேற்றப் போவார் குறைந்துவிட்டனர். காலையிலும் மாலையிலும் பத்துப் பிள்ளைகள் கட்டின்மேல் சைக்கிளில் போனால், அந்தப் பழைய காவல் புது உருவில் திரும்பும்.

அவர்கள் பார்க்க வேண்டியவை சில. கட்டின் வயற்பக்க அடியிலே முன்பு இல்லாத ஈரமோ, தனிப் பச்சையாய்ப் புல் தழைத்த இடமோ உண்டா? கசியும் நீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா? தெளிந்த கசிவு பல கட்டுகளிலும் உண்டு. அதைக் குறித்துவைத்தாற் போதும். கலங்கிய நீரோ உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. அதை அன்றே, அந்த மணி நேரத்திலேயே அறிவிக்க வேண்டும். முகட்டில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா? எங்கேனும் மண் அமிழ்ந்திருக்கிறதா? கறையான் புற்றும் அகழான் வளையும் உடும்புப் பொந்தும் எங்கே? கட்டில் பெருமரம் வேர் ஊன்றியிருக்கிறதா? துருசின் அருகே நீர் சுழிக்கிறதா? இவற்றை அறிவதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. வழக்கமாய்ப் போய் வரும் கண் வேண்டும். நேற்றுப் பார்த்தவனுக்கே இன்றைய மாற்றம் தெரியும். லொறியில் விரைந்து போகிறவனுக்குத் தெரியாது. சைக்கிளின் வேகம் பார்க்கவும் போதிய மெதுவானது. போய்ச் சொல்லவும் போதிய விரைவானது.

நிற்க. இவ்வழி யாருக்கு மிகவும் வேண்டும்? ஓட்டப் பந்தயத்தில் வெல்லும் இளைஞனுக்கு மட்டுமன்று. அவன் எங்கும் ஓட்டுவான். ஓட்டத் தெரியாதவருக்கே வேண்டும். தமிழகத்திலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிளும் கற்பித்தார்கள். பல்லாயிரம் நாட்டுப்புறப் பெண்கள், வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் வேலை செய்தவர்கள், சைக்கிள் கற்றார்கள். தண்ணீர் கொண்டுவரவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லாமற் போயிற்று. கைக்கு வந்த அந்தச் சுதந்திரத்தைப் பற்றி அக்காலத்தில் பலரும் எழுதினார்கள். நம் தாய்மாரும் தங்கைமாரும் கற்க வேண்டுமாயின், விழுந்தால் பின்னால் லொறி வராத இடம் ஒன்று வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அண்டை அயலாய் வாழும் பகுதி நம்முடையது. அவர்கள் எல்லோருடைய வயலுக்கும் குளத்து நீரே பாய்கிறது. கட்டு உடைந்தால் எல்லோர் வீட்டுக்குள்ளும் அதே நீர்தான் நுழையும். ஆகவே இவ்வழியும் எல்லோருக்கும் உரிய வழியாய் இருத்தல் வேண்டும்.

இனி ஓட்டுவோருக்குச் சில சொற்கள்.

கிறவலில் ஓட்டுவது தார் வீதியில் ஓட்டுவது போன்றதன்று. ரயரைக் கல்லுப்போல் காற்றடிக்க வேண்டாம். சற்றுக் குறைத்து அடித்தால் ரயர் மண்ணைப் பற்றும், கை குலுங்காது. மிகக் குறைத்தால் கல்லில் மோதி ரியூப் வெடிக்கும். உருண்டைக் கல் கிடக்கும் வளைவிலே முன் பிறேக்கைச் சட்டென்று பிடித்தவன் முழங்கையில் தோலோடு வீடு திரும்புவது அரிது. வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துக்கொள்க. ஒட்டுத் துண்டும் சொலூசனும் பம்பும் ஒரு குழுவுக்கு ஒன்றாவது இருக்கட்டும். குடிநீரை நிறைய எடுத்துச் செல்க. கட்டின்மேல் நிழல் இல்லை.

காற்றை அறிந்து புறப்படுக. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் வீசும் காலத்தில், மேற்கே போகும்போது எதிர்காற்று நெஞ்சிலே கைவைத்துத் தள்ளும். அப்போது மேற்கு நோக்கிய பயணத்தை விடியற்காலையில் முடித்து, வரும்போது காற்றை முதுகில் வாங்குவதே அறிவுடைமை. வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் கட்டை விட்டு இறங்கிவிடுங்கள். ஊறிய கிறவலில் சைக்கிளும் தடம் பதிக்கும். வான் பாயும்போது அதைக் குறுக்கே கடக்கத் துணிவது வீரமன்று. 1957ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளத்திலே வறண்ட வலயத்தில் பல குளங்கள் உடைந்தன என்பதைப் பெரியோர் இன்றும் சொல்வார்கள். அக்காலத்தில் கட்டில் போக வேண்டியவர் காவலுக்குப் போகும் பெரியவர்களே.

காட்டோரத்திலே மாலை நாலரை மணிக்குப் பின் இருக்க வேண்டாம். யானை எதிர்ப்பட்டால் மணியடித்துத் துரத்த முயலாதீர்கள். தூரத்திலேயே நின்று, வந்த வழியே திரும்புங்கள். குளத்தில் முதலை உண்டு. வியர்வை போக இறங்கிக் குளிக்கும் எண்ணத்தை வீட்டுக் கிணற்றடிக்கு ஒத்திவையுங்கள். மிதிவெடி அபாயப் பலகை நாட்டிய இடத்தில் வழியை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது. பறவைகளை விரட்டிப் படம் எடுக்க வேண்டாம். நம் வடக்கு எல்லையான கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டு முதல் சரணாலயம். பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே ஆண்டுதோறும் வருவது நம் ஊரில் அமைதியுண்டு என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையைக் கெடுக்காதிருப்போம்.

பெரியோர்களே, கடைசியாக உங்களிடமும் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள்.

பெருங்குளங்களின் கட்டுகள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பிலுள்ளவை. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் கவனிக்கின்றன. கட்டுக்குச் சேதம் விளைப்பது குற்றம் என்பதற்கு 1946ஆம் ஆண்டு முதல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆகவே புதுச் சட்டம் கேட்க வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டியவை மூன்று. கட்டின் இரு முனையிலும் தடைக்கற்கள் நாட்டுதல் முதலாவது. அவை சைக்கிளும் தள்ளுவண்டியும், நடக்க இயலாதோரின் சக்கர நாற்காலியும் புகும் இடைவெளியோடும், திணைக்களத்தாரின் வண்டிக்கும் அவசர வண்டிக்கும் திறக்கத்தக்க பூட்டுக் கதவோடும் அமைய வேண்டும். முகட்டின் கிறவலை நடு மேடாய், இரு பக்கமும் நீர் வழிய, ஆண்டுக்கு ஒருமுறை சீர்செய்தல் இரண்டாவது. கசிவோ வெடிப்போ கண்டால் யாருக்கு அறிவிப்பது என்ற விவரத்தை மூன்று மொழியிலும் எழுதிய பலகை மூன்றாவது. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு லொறியின் விலையில் சிறு பங்குக்கும் போதாது.

கமக்காரரின் உழவு இயந்திரம் எங்கே போவது என்ற கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. விதைக்கும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அவர்களுக்கு வழி வேண்டும். வேறு வழி உள்ள இடத்தில் அவர்கள் வயல் வீதியால் போகட்டும். கட்டைத் தவிர வேறு வழி இல்லாத இடத்திலே, முதலில் அந்த வேறு வழியைத் திருத்தித் தரும்படி அவர்களோடு சேர்ந்து பிரதேச சபையிடம் கேட்போம். அதன் பின்னரே தடைக்கல் நாட்டுவோம். கட்டுக்கு உரியவர்களை வருத்திக் கட்டைக் காக்க முடியாது.

சங்கத்தின் இளைஞர்கள் செய்யக்கூடியது நாளையே தொடங்கலாம். அண்மையிலுள்ள ஒரு சிறு குளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் கமக்காரர் அமைப்பிடம் போய், பெரியவர்களின் சம்மதம் பெறுங்கள். வாரம் ஒருமுறை நால்வர் சைக்கிளில் கட்டைச் சுற்றி வாருங்கள். கண்டதை நாளோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் மாதம் எழுத ஒன்றும் இல்லை என்று தோன்றும். மாரிக்கு முன்னும் பின்னும் எழுதியதை ஒப்பிட்டால் அக்கொப்பியின் அருமை விளங்கும். அடுத்த ஆண்டு இம்மலரிலே அக்குறிப்புகளிலிருந்து ஒரு கட்டுரை வருமாயின், இந்தப் பேச்சு பயனுடையதாயிற்று என்று நாம் மகிழ்வோம்.

முன்னோர் கூடை கூடையாய் மண் சுமந்து கட்டைக் கட்டினார்கள். அந்தப் பாரத்தை மீண்டும் சுமக்கும்படி நம்மை யாரும் கேட்கவில்லை. அதன்மேல் பாரம் ஏற்றாமல் இருக்கவும், அடிக்கடி போய்ப் பார்த்து வரவுமே கேட்கிறோம். இரண்டையும் சைக்கிளில் ஏறி, காற்று வாங்கிக்கொண்டே செய்துவிடலாம். இதைவிட இனிய கடமை ஒன்றை இளைஞருக்குக் காட்ட நம்மால் இயலாது.